தோளில் போன சைக்கிள்

சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் ஏரித் தண்ணீரிலிருந்து மூடுபனி எழும்பத் தொடங்கும். என் வேலையும் அப்போதுதான் தொடங்கும். வாடகைக்குப் போன சைக்கிள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து நிற்கும். மட்கார்டில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய எண்ணைப் பார்த்து நான் நோட்டில் டிக் அடிக்க வேண்டும். மொத்தம் பதினெட்டு. பதினேழு வந்து ஒன்று வரவில்லை என்றால், அப்பா பீடியை அணைத்துவிட்டு ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றக் கிளம்புவார். எப்படியும் எங்கேயோ ஒரு புதுமாப்பிள்ளை, செயின் கழன்ற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, புடவையில் கிரீஸ் பட்ட மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்தபடி நடந்து வந்துகொண்டிருப்பார்.

கொடைக்கானலில் அப்பாவுக்கு இருந்தது அந்த ஏரிக்கரைச் சைக்கிள் ஸ்டாண்டு ஒன்றுதான். ஏப்ரல், மே சீசனில் மூச்சு விட நேரமிருக்காது. ஜனவரியில் ஈ ஓட்டவும் ஆளிருக்காது. குளிருக்கு ஈயே இருக்காது. அந்த நாட்களில்தான் அவர் சைக்கிள்களைப் பிரித்துப் போட்டு ஓவராயிலிங் செய்வார். பால்ரஸ்களை மண்ணெண்ணெயில் கழுவி, ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணிப் போடுவது என் பொறுப்பு. என் வயதுப் பிள்ளைகள் புளியங்கொட்டை வைத்துக் கூட்டல் படித்தார்கள். நான் பால்ரஸ் வைத்துப் படித்தேன்.

ஒன்பதாம் நம்பர் சைக்கிளில்தான் ஓட்டப் பழகினேன். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது. அதனால் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல். பாவாடை செயினில் சிக்காமலிருக்க அம்மா அதைச் சுருட்டி இடுப்பில் ஒரு கயிற்றால் கட்டிவிடுவாள். ஏரியைச் சுற்றிய பாதை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். ஏரி நட்சத்திரம் போலப் பல கைகளை நீட்டிப் படுத்திருப்பதால் பாதையும் வளைந்து வளைந்து போகும். இந்த வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தோன்றும். முதல் முறை விழாமல் முழுச்சுற்று வந்து ஸ்டாண்டில் இறங்கியபோது, அப்பா ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "இந்த ரோட்டுல ஒரு நல்லது இருக்கு. எம்புட்டு தூரம் போனாலும் பொறப்பட்ட எடத்துக்கே வந்துருவ."

அந்த ஏரி தானாக உண்டானதல்ல என்பதைப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். அங்கே இருந்தது ஓடை பாயும் ஒரு சதுப்பு. 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவின்ஜ் என்பவர் அதற்குக் குறுக்கே கரை கட்டித் தண்ணீரை நிறுத்தினார். அறுபது ஏக்கர் தண்ணீர். அது நிரம்பி வழிவதுதான் மலைச்சாலை ஓரத்தில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. பஸ்ஸில் வருகிறவர்கள் முதலில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது. எங்கள் ஏரித் தண்ணீர்தான் அவர்களை வாங்க என்று கூப்பிடுகிறது என்று அப்பா பெருமையாகச் சொல்வார்.

அம்மா அதற்கு ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளுடைய தண்ணீர் வேறு. வட்டக்கானல் பக்கத்துச் சோலைகளில் ஊறிப் பாம்பாறாகி, தெற்கே சரிந்து, பெரியகுளத்துக்கு மேலே கும்பக்கரை அருவியாக விழும் தண்ணீர். அந்தச் சரிவின் நடுவில்தான் அவள் பிறந்த ஊர், வெள்ளகெவி. "கெவின்னா பள்ளந்தான்" என்று அம்மாச்சி சொல்வாள். மேலே வட்டக்கானல், கீழே கும்பக்கரை. அந்த நாட்களில் எங்கிருந்து போனாலும் நடைதான். சாலை கிடையாது. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் முதல் வீடு கட்டியது 1845-ல். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே தங்கள் ஊர் இருந்தது என்பார்கள் வெள்ளகெவிக்காரர்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் இருட்டுகிற நேரத்தில் மாமா வந்துவிடுவார். அம்மாவுக்கு அண்ணன். இரண்டு குதிரைகளின் முதுகில் ஆரஞ்சு, எலுமிச்சை, மலைவாழை, சீசனுக்குத் தகுந்தபடி காப்பிக்கொட்டை, பட்டர் ஃப்ரூட். குதிரைகள் எங்கள் வீட்டுப் பின்னால் நிற்கும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. விற்று முடித்து, அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு மத்தியானமே இறங்கிவிடுவார். மாமாவோடு சில வாரங்களில் அவர் மகனும் வருவான். எனக்கு இரண்டு வயது மூத்தவன். முறைப்படி நான் அவனை மச்சான் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவன் காது சிவக்கும் என்பதற்காகவே அடிக்கடி கூப்பிடுவேன்.

அவனுக்குச் சைக்கிள் என்றால் உயிர். பாறையிலும் சரிவிலும் ஆட்டுக்குட்டி போலத் தாவுகிற கால்கள், சமதளத்தில் இரண்டு சக்கரத்தின் மேல் நிற்கத் தெரியாமல் தவித்தன. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். நான்காவது ஞாயிறு அவன் என்னை முந்திக்கொண்டு போனான். அன்றைக்குச் சந்தை முடிந்து கிளம்பும்போது அப்பாவிடம் மெதுவாகக் கேட்டான்: "மாமா, பழசு ஒண்ணு இருந்தாக் குடுங்களேன்."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "நம்மூர்ல எங்கடா ஓட்டுவ? கழுதைக்கே கால் எடறுற எடம்." அப்பா சிரிக்கவில்லை. ஒன்பதாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ரிம்மில் எத்தனை தடவை கோட்டம் எடுத்தாலும் நிற்காது. அடுத்த சீசனுக்கு அதை வாடகைக்கு விட முடியாது.

எங்கள் ஸ்டாண்டைத் தாண்டி, 1901-ல் தொடங்கிய ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதுகில் மூட்டையோடு நடைப்பயணம் போவதைப் பார்ப்போம். வெள்ளைக்காரப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் கலந்து, பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். காட்டுக்குள் இரண்டு மூன்று நாள் தங்கி வருவார்கள் என்று சொல்வார்கள். அம்மாவுக்கு அது கடைசிவரை விளங்கவே இல்லை. "சொமை இருக்குன்னாலும், உள்ள சோறும் போர்வையும்தான் இருக்காம். விக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. பெறகு எதுக்கு நடக்குறாக?" என்று கேட்பாள். ஆசைக்கு நடப்பார்கள் என்று அப்பா சொன்னால் நம்ப மாட்டாள்.

1987 பொங்கலுக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போவது என்று முடிவானது. போகி அன்று விடியற்காலை கிளம்பினோம். ஏரிக்கரைப் புல்லெல்லாம் உறைபனி விழுந்து உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடந்தது. மிதித்தால் நறநற என்றது. அப்பா ஒன்பதாம் நம்பரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் கேரியரில் பச்சரிசி, வெல்லம், அம்மாச்சிக்கு ஒரு கம்பளி. மாமாவும் மச்சானும் முதல்நாளே வந்து தங்கியிருந்தார்கள். வட்டக்கானல் வரை சைக்கிள் தள்ளக்கூடிய பாதைதான். அன்றைய வட்டக்கானலில் கடைகளும் விடுதிகளும் கிடையாது. சில வீடுகள், முட்டைக்கோசுத் தோட்டம், நாய்க் குரைப்பு, அவ்வளவே.

வட்டக்கானலில் சைக்கிளைப் பிரித்தார்கள். முன்சக்கரம் மச்சானுக்கு. பின்சக்கரம் அப்பாவுக்கு. ஃப்ரேமை மாமா தோளில் மாட்டிக்கொண்டார். தலையை முக்கோணத்துக்குள் விட்டு, ஏர் மாட்டிய காளை மாதிரி. பெடல்களும் பம்பும் அம்மாவின் கூடைக்குப் போயின. எனக்குக் கிடைத்தது பெல். வழி நெடுக அடித்துக்கொண்டு போனேன்.

சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. மரங்களெல்லாம் பாசி போர்த்திக் குட்டையாக, முறுக்கி நின்றன. மழையை இலையிலும் பாசியிலும் மண்ணிலும் வாங்கி வைத்துக்கொண்டு, கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுவது இந்தச் சோலைகள்தான். நாங்கள் குடித்த தண்ணீரும் பெரியகுளத்து வயலுக்குப் போகிற தண்ணீரும் இங்கேதான் பிறக்கிறது என்று பின்னால் படித்தேன். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் காலுக்குக் கீழே மண் மெத்தை போல அமுங்கியதும், காஞ்சொறி பட்டால் துள்ளவேண்டியிருக்கும் என்பதும்தான். ஐப்பசி மழையில் வந்திருந்தால் அட்டை வேறு. கருமந்தி ஒன்று எங்கேயோ உறுமியது. பெல் அடித்தேன், உறுமல் நின்றது. "காட்டுக்குள்ள மணி அடிக்காத புள்ள, நம்மள யாருன்னு நெனைக்கும்" என்றான் மச்சான்.

திடீரென்று மரங்கள் முடிந்து வானம் மட்டும் இருந்தது. டால்பின் நோஸ் பாறை. பள்ளத்தின்மேல் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தட்டைக் கல்லுக்குக் கீழே ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பெரியகுளத்துச் சமவெளி, கண்மாய்கள் துண்டு துண்டாக மின்ன, ஆவி பிடித்த மாதிரி கிடந்தது. அதைத் தாண்டியதும் பாதை படிக்கட்டுப் போல இறங்கும். வேர்களே படிகள். அங்கேதான் அம்மா எனக்கு அந்தப் பாடத்தைச் சொன்னாள். "எதுக்கால சொமை வந்தா மலைப்பக்கமா ஒதுங்கி நில்லு. பள்ளத்துப் பக்கம் எப்பவும் நிக்கக் கூடாது. சொமை இடிச்சா நீ போயிருவ. நீ போனா அவுகளும் போயிருவாக."

சொல்லி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கீழேயிருந்து ஆட்களின் மூச்சுச் சத்தம் கேட்டது. பேச்சில்லை, மூச்சு மட்டும். ஒரு நீளமான கழி, அதில் தூளியாகக் கட்டிய போர்வை, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். டோலி. போர்வைக்குள் ஓர் அக்கா வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கூட வந்த கிழவி எங்களைப் பார்த்ததும் மாமாவின் பெயர் சொல்லிக் கத்தினாள். நேற்று ராத்திரியே வலி கண்டுவிட்டது. பொங்கல் நேரம், ஆம்பளைகள் பாதிப் பேர் கீழே பெரியகுளத்துச் சந்தைக்குப் போய்விட்டார்கள். தோள் மாற்ற ஆளில்லை.

மாமா ஃப்ரேமைக் கழற்றிப் புல்லில் வைத்தார். அப்பா சக்கரத்தைச் சாய்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் கழிக்கடியில் தோளைக் கொடுத்தார்கள். நாங்கள் இறங்கி வந்த செங்குத்தில் டோலி ஏறி மறைந்தது. சக்கரத்தில் வாழ்ந்த அப்பா, மேடேறினாலே இளைக்கிற அப்பா, வளைவில் திரும்பும்போது நான் பார்த்தேன், அவருடைய கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

பாதையோரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டைப் பாறை. சுமைக்காரர்கள் தலைப்பாரத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற இடம். அதன் மேல்தட்டு எத்தனையோ மூட்டை உரசி வழவழவென்று இருந்தது. சைக்கிளை அதன்மேல் அடுக்கிவிட்டு அம்மா, மச்சான், நான் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியது. ஒரு மலை அணில் கிளைக்குக் கிளை பாய்ந்தது. நான் பெல்லை மடியில் வைத்துக்கொண்டேன். அடிக்கத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து அம்மா தானாகப் பேசினாள். சமவெளி ஊர்களில் சாலையோரம் இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் கிடத்தி வைத்திருப்பார்களே, சுமைதாங்கி, அது எதற்கென்று தெரியுமா என்று கேட்டாள். பிள்ளை பெறாமலே செத்துப்போன கர்ப்பிணிக்காக வைப்பது. வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்கு, வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைத்தால் ஆறுதலாம். "எங்கக்காவுக்கு அப்பிடி வைக்கல. இந்தப் பாறையே இருக்குல்ல, போதும்னுட்டாரு எங்கய்யா" என்றாள். அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்தப் பெரியம்மா மேலேறிப் போனது இதே பாதையில். பாறைவரைதான் போனாள். அம்மா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. கூடையிலிருந்த வெல்லத்தில் ஒரு துண்டு உடைத்து ஆளுக்குப் பாதி கொடுத்தாள்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அப்பாவும் மாமாவும் இறங்கி வந்தார்கள். வட்டக்கானலில் ஒரு தோட்டத்து ஜீப் கிடைத்ததாம். அப்பாவின் வலது தோள் வீங்கிச் சட்டை இறுகியிருந்தது. அதனால் பின்சக்கரத்தை அம்மா வாங்கிக்கொண்டாள்.

பொழுது இறங்கிக் காப்பித்தோட்ட நிழலுக்குள் நாங்கள் ஊரெல்லையைத் தொட்டபோது புதிதாக ஒரு வழக்கு முளைத்தது. வெள்ளகெவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் கோயில். எது வீதி, எது சன்னதி என்று பிரிக்க முடியாது. நாங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். சைக்கிள்? சக்கரத்தை மாட்டி ஊருக்குள் உருட்டலாமா கூடாதா? எல்லையில் கூடிய பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மாச்சி வந்து டயரைத் தொட்டுப் பார்த்தாள். "ரப்பருதான? மண்ணுலதான உருளுது? அப்ப இதுவும் செருப்புதான்" என்றாள். தீர்ப்பு அத்தோடு முடிந்தது.

எனவே ஒன்பதாம் நம்பர் ஊருக்குள் நுழையவில்லை. எல்லைக்கு வெளியே, குதிரை கட்டுகிற மரத்தடியில் ஐம்பதடி அகலத்துக்குச் சமதளம் இருந்தது. அப்பா அங்கேயே உட்கார்ந்து, இடது கையாலேயே சைக்கிளை மாட்டினார். மச்சான் ஏறினான். நேரே போக இடமில்லை, வட்டமடிக்கத்தான் முடியும். அவன் சுற்றினான். பிறகு ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகச் சுற்றினார்கள். தைப்பொங்கல் முழுக்க அந்த மரத்தைச் சுற்றிச் சக்கரம் உருண்டது. புறப்பட்ட இடத்துக்கே வந்துசேரும் பாதை ஒன்று வெள்ளகெவியிலும் உண்டாயிற்று.

வந்துசேர்ந்த ராத்திரி தாத்தா அப்பாவின் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் போய் வேலைக்கு நின்றவர். அப்போது மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாகக் கொடைக்கானலுக்குச் செங்குத்தான ஒற்றையடிப் பாதை, கூலிக் காட் என்று பெயர். துரைமாரும் துரைசானிகளும் நாற்காலியில் உட்கார, நம் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அவர்களுடைய பெட்டி, படுக்கை, கண்ணாடி ஜன்னல், எல்லாமே தலைச்சுமை. வத்தலக்குண்டிலிருந்து மேலேறும் சாலையை மேஜர் லா என்ற பொறியாளர் 1870-களில் தொடங்கினாலும், அது மோட்டார் வண்டி ஏறும் சாலையாக முடிய 1910-கள் ஆகிவிட்டன. சாலை வந்ததும் கூலிக் காட் வெறிச்சோடியது. "நம்ம தோளு துரைய எறக்கி வச்சிருச்சு. நம்ம ஆளுகள எறக்கி வைக்க இன்னும் ஒரு ரோடு வரல" என்றார் தாத்தா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மாட்டுப்பொங்கல் அன்று மேலேயிருந்து சேதி வந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம். அம்மாச்சி முதல் வேலையாக ஊர்ப் பிள்ளைகளை அனுப்பி அந்தத் தட்டைப் பாறையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவரச் சொன்னாள்.

ஒன்பதாம் நம்பர் இரண்டு வருஷம் ஓடியது. பஞ்சர் ஆனால் சக்கரம் மட்டும் குதிரையேறிச் சந்தைக்கு வரும். அப்பா ஒட்டிக் கொடுப்பார். பிறகு ரிம் வளைந்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள். மச்சான் இன்று கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறான். முறை இருந்ததே தவிர எங்களுக்குள் கல்யாணப் பேச்சு வரவில்லை. நான் மதுரைக்கு வாக்கப்பட்டுப் போனேன். இன்றும் மச்சான் என்று கூப்பிட்டால் அவன் காது சிவக்கத்தான் செய்கிறது.

மலையும் மாறிவிட்டது. 2013-ல் அறுநூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் காட்டைக் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். என் சின்ன வயதில் அபூர்வமாகக் கண்ணில் பட்ட காட்டுமாடு இப்போது வீதியில் நின்று போக்குவரத்தை நிறுத்துகிறது. 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணியில் காட்டுத்தீ, மலையேறப் போன இளம்பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதன்பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் வகுத்தது. 2024-ல் மாநிலம் முழுக்க 40 தடங்களைத் தேர்ந்து, முன்பதிவோடும் வழிகாட்டியோடும் நடக்க வனத்துறை ஏற்பாடு செய்தது. அதே ஆண்டு மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் வரவே இ-பாஸ் வேண்டும். ஏரிக்கரையில் சைக்கிள் வாடகை மட்டும் அன்றுபோல் நடக்கிறது. சைக்கிளுக்குக் கியர் வந்துவிட்டது. புதுமாப்பிள்ளைகள் இப்போதும் செயினைக் கழற்றிக்கொண்டுதான் வருகிறார்கள்.

போன முறை போனபோது டால்பின் நோஸுக்குக் கீழே அந்தத் தட்டைப் பாறையில் உட்கார்ந்தேன். பளபளக்கும் சப்பாத்தும் இரண்டு கைத்தடியுமாகச் சில பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். எதிரே எலுமிச்சை மூட்டைகளோடு ஒரு குதிரை ஏறி வந்தது. பிள்ளைகள் படம் எடுக்கப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினார்கள். எனக்கு அம்மாவின் குரலில் ஒரு சத்தம் வந்தது: "மலைப்பக்கம் நில்லுங்கப்பா!" திடுக்கிட்டு இந்தப் பக்கம் தாவினார்கள். குதிரை கடந்து போயிற்று.

ஆசைக்கு நடப்பதில் தப்பே இல்லை. அம்மாவுக்கு விளங்காதது எனக்கு இன்று விளங்குகிறது. நானே ஆசைக்குத்தான் நடக்கிறேன். ஆனால் இந்தப் பாதையை வெட்டியது ஆசை அல்ல, சுமை. உப்பும் பழமும் பிள்ளைத்தாய்ச்சிகளும் போய்ப் போய்த் தேய்ந்த வழி இது. அனுமதி வாங்கிக்கொண்டு நீங்களும் வாருங்கள். எதிரே குதிரையோ தலைச்சுமையோ வந்தால் மலைப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள். தோள் மாற்ற ஆள் இல்லாமல் யாரேனும் வந்தால், உங்கள் மூட்டையைப் பாறைமேல் இறக்கி வைத்துவிட்டுத் தோள் கொடுங்கள். ஊரெல்லை வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.